பணம் வரும் தேதி

தொழில் தொடங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு எக்செல் தாளோடு வருகிறார்கள். கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால், நண்பர்கள், நண்பர்களின் தம்பிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தாள்கள் எல்லாம் ஒரே ஜாடை. முதல் வருஷம் சின்ன நஷ்டம், இரண்டாம் வருஷம் சரிக்குச் சரி, மூன்றாம் வருஷம் லாபம், ஐந்தாம் வருஷம் கோடு செங்குத்தாக மேலே ஏறும். அந்தக் கோட்டை நான் பார்ப்பதே இல்லை. முதல் வாடிக்கையாளரின் பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, அதற்குள் எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று தேடுவேன். பெரும்பாலான தாள்களில் இரண்டுமே இருக்காது.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளை 60க்கு வாங்கி 100க்கு விற்கிறீர்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். மாதம் 750 பொருள் விற்கும். வாடகை, சம்பளம், மின்சாரம் என்று, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 20,000 செலவு. ஒரு பொருளுக்கு 40 வீதம் 750 பொருளுக்கு 30,000 கிடைக்கிறது. செலவு போக மாதம் 10,000 லாபம். நல்ல தொழில்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

சரி, இப்போது இதில் தேதிகளைச் சேருங்கள். நீங்கள் புது ஆள் என்பதால் சரக்குக் கொடுப்பவர் கடன் தரமாட்டார், ரொக்கம் கேட்பார். வாங்கிய சரக்கு ஒரு மாதம் இருப்பில் கிடந்து அடுத்த மாதம் விற்கிறது. வாங்குகிறவர்கள் நிறுவனங்கள் என்றால் 60 நாள் தவணை கேட்பார்கள். முதல் மாதம் சரக்குக்கு 45,000, செலவுக்கு 20,000 போகிறது, விற்பனை இல்லை. இரண்டாம் மாதம் மறுபடி 65,000 போகிறது. 750 பொருள் விற்றாயிற்று, பணம் வரவில்லை. மூன்றாம் மாதமும் அதே 65,000. மூன்று மாத முடிவில் வெளியே போனது 1,95,000. உள்ளே வந்தது ஒன்றுமில்லை.

அதே மூன்று மாதத்துக்கு லாப நஷ்டக் கணக்கு எழுதினால் வேடிக்கையாக இருக்கும். முதல் மாதம் 20,000 நஷ்டம், அடுத்த இரண்டு மாதமும் தலா 10,000 லாபம். கூட்டினால் சரிக்குச் சரி. புத்தகத்தின்படி ஒரு காசு நஷ்டமில்லை, வங்கிக் கணக்கிலோ ஏறக்குறைய இரண்டு லட்சம் காணோம். எங்கே போனது என்றால், 45,000 அலமாரியில் சரக்காக இருக்கிறது, 1,50,000 வாடிக்கையாளர்களிடம் வரவேண்டிய பாக்கியாக இருக்கிறது. இரண்டுமே உங்கள் சொத்துதான். ஆனால் அவற்றைக் கொடுத்துச் சம்பளம் போட முடியாது.

நாலாம் மாதத்திலிருந்து வரவு 75,000, போவது 65,000. மாதம் 10,000 மிஞ்சும். போட்ட பணம் முழுசாகத் திரும்ப, அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது மாதம் ஆகும். இத்தனைக்கும் இந்தக் கணக்கில் எல்லாரும் சொன்ன தேதியில் பணம் கொடுத்துவிடுகிறார்கள். உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணமும் இதில் சேரவில்லை. அது ஏனோ யாருடைய தாளிலும் இருப்பதில்லை. இரண்டு வருஷம் பசிக்கவே பசிக்காதவர்களைப் போல எழுதியிருப்பார்கள்.

நல்ல செய்தி வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நாலாம் மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்து, இனி மாதம் 1,500 பொருள் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 90,000, செலவுக்கு 20,000, ஆக 1,10,000 போகிறது. வருவது பழைய விற்பனையின் 75,000 மட்டும். மாதம் 35,000 வீதம் மூன்று மாதம் துண்டு விழுந்து, குழி 3,00,000 ஆழத்துக்குப் போய்விடும். ஏழாம் மாதம்தான் பெரிய ஆர்டரின் பணம் வரத் தொடங்கும். அதுவரை தாங்கினால் மாதம் 40,000 மிஞ்சும் அருமையான தொழில் கையில் இருக்கும். ஆறாம் மாதம் பணம் தீர்ந்துவிட்டால் அருமையான தொழில் மூடப்படும். "அண்ணே, ஆர்டர் குவியுது, ஆனா சம்பளம் போடக் கையில காசு இல்ல" என்று நடு இரவில் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாறவும் இல்லை. வளர்ச்சிக்கும் முதல் போட வேண்டும் என்பதை அவர் தாளில் யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எந்தத் தொழில் யோசனை என்றாலும் முதலில் நான் கேட்பது நான்கு நாள் கணக்குகளை. சரக்கு எத்தனை நாள் கிடக்கும், வாங்குகிறவர் எத்தனை நாளில் தருவார், உங்களுக்குக் கொடுப்பவர் எத்தனை நாள் பொறுப்பார், கையிருப்பு எத்தனை நாள் தாங்கும். விலை பேசுவதில் காட்டும் சாமர்த்தியத்தை நாள் பேசுவதில் காட்டுகிறவர்கள் குறைவு. மேலே போட்ட கணக்கில் சரக்குக் கொடுப்பவர் 30 நாள் கடன் கொடுத்தாலே தொடக்க முதலில் 45,000 குறைந்துவிடும். வட்டியில்லாத பணம் அது. அதே மாதிரி, வாங்குகிறவரிடம் பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்டு வாங்க முடிந்தால் குழியின் ஆழமே மாறிவிடும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் அந்தக் கூச்சத்துக்கு வங்கியில் வட்டி கட்டுகிறார்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் தொடக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் கார் கொட்டகையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது 30 நாள் கடன். 1976இல் பைட் ஷாப் என்ற கணினிக் கடையை நடத்திய பால் டெரல், முழுதாகப் பொருத்திய கணினிகள் 50 வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர், கொண்டுவந்து இறக்கியதும் பணம் என்றார். பாகங்கள் வாங்க ஸ்டீவ் ஜாப்ஸிடமும் ஸ்டீவ் வாஸ்னியாக்கிடமும் பணம் இல்லை. ஜாப்ஸ் அந்த ஆர்டரையே ஆதாரமாகக் காட்டி, பாகங்கள் விற்பவரிடம் 30 நாள் தவணையில் சரக்கு வாங்கினார். அந்த 30 நாளுக்குள் பொருத்தி, கொடுத்து, பணம் வாங்கி, கடனை அடைத்தார்கள். சரக்குக் காசைக் கொடுக்க வேண்டிய தேதிக்கு முன்னாலேயே விற்ற காசு கைக்கு வந்துவிட்டது. தொழிலின் முதலீட்டில் பெரும்பகுதி அந்த இடைவெளிதான். அமேசான் 1995இல் புத்தகம் விற்கத் தொடங்கியபோதும் இதே வசதி இருந்தது. வாங்குகிறவர் அட்டையில் உடனே பணம் கட்டினார், சரக்குக் கொடுத்தவர்களுக்கோ தவணை முடிந்தபின் கொடுத்தால் போதும். விற்பனை கூடக் கூட அடுத்தவர் பணம் அவர்கள் கையில் கூடுதலாக நின்றது. என் கணக்கில் வந்த ஆளுக்கு நேர் எதிர் நிலைமை.

இங்கே தள்ளுபடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கும் முடிவு அது. "முதல் ஆறு மாதம் 10 சதவீதம் குறைத்துக் கொடுத்து ஆளைப் பிடிக்கிறேன்" என்பார்கள். மேற்சொன்ன பொருளை 90க்கு விற்றால் ஒரு பொருளுக்கு மிச்சம் 40இலிருந்து 30 ஆகிறது. செலவு மட்டும் கட்டுப்படியாக முன்பு 500 பொருள் விற்றால் போதும், இப்போது 667 விற்க வேண்டும். பழைய 10,000 லாபம் வேண்டுமானால் 750 போதாது, 1,000 விற்க வேண்டும். அந்த 1,000 பொருளுக்கான சரக்கையும் முன்பணம் போட்டு வாங்க வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்ததற்கு விலை, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. அப்புறம் விலையை ஏற்றும்போது, மலிவுக்காக வந்தவர்கள் மலிவைத் தேடிப் போய்விடுவார்கள்.

தேதிகளை எழுதச் சொன்னால் எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் நம்பிக்கையான தேதிகளை எழுதுவார்கள். இதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, மனித மூளையே அப்படித்தான் இயங்குகிறது. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைத் திட்டமிடல் பிழை என்று குறித்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். படுமோசமாகப் போனாலும் இதற்குமேல் ஆகாது என்று அவர்களே சொன்ன தேதியும் போதவில்லை. இதைப் படித்த பிறகு, கொண்டுவந்து காட்டுகிற தாளில் "மோசமான நிலை" என்று ஒரு பத்தி இருந்தால் அதையே சாதாரண நிலையாக எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இதற்கு ஓரளவு பயன்படும் ஒரு பயிற்சி உண்டு. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பிரபலப்படுத்தியது. தொடங்குவதற்கு முன்பே கூட்டாளிகள் எல்லாரும் உட்கார்ந்து, "ஒரு வருஷம் ஆயிற்று, தொழில் படுத்துவிட்டது, ஏன்?" என்று ஆளுக்கொரு காகிதத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். எதிர்காலத்தில் என்ன தப்பாகலாம் என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள், ஏற்கெனவே தப்பாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதுகிறார்கள். இதைச் செய்த ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்று பேரில் இரண்டு பேர் மூன்றாமவரின் மைத்துனரை வேலைக்குச் சேர்த்ததைக் காரணமாக எழுதியிருந்தார்கள். அதுவரை அதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

எதை விற்பது என்ற கேள்விக்கு நான் இவ்வளவு தாமதமாக வருவது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். வாங்க ஆள் இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது, விற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் திட்டத்தில் அதற்கான நாளையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும் என்கிறேன். எவ்வளவு குறைந்த பணத்தில் அதைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதில்தான் உண்மையான புத்திசாலித்தனம் இருக்கிறது. 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் செருப்பு, ஷூ விற்க நினைத்தார். காலில் போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. அவர் கடைக்குப் போய் அங்கிருந்த ஷூக்களைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். அப்படி விற்பதில் அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் கிடங்கும் சரக்கும் இல்லாமலேயே கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதுதான் பின்னால் ஜாப்போஸ் என்ற பெரிய இணைய ஷூ கடை ஆனது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் வெப்வேன் என்ற நிறுவனம் மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தொழிலில் இறங்கியது. 1999இல் விநியோகம் தொடங்கிய அதே வருஷம், 26 கிடங்குகள் கட்ட ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஒரு நகரத்தில் கட்டுப்படியாகிறதா என்று தெரிவதற்கு முன்பே 26க்குக் கையெழுத்து. 2001 ஜூலையில் திவால். யோசனை தவறு என்று இப்போது யாரும் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்து சேரும் மளிகை இன்று உலகம் முழுக்க நடக்கிற தொழில். பதில் வருவதற்கு முன்பே முழுப் பணத்தையும் ஒரே பக்கம் வைத்ததுதான் அவர்களைக் கவிழ்த்தது.

அதைவிட வலிக்கிற உதாரணம் இரிடியம். பூமியில் எந்த மூலையிலிருந்தும் பேசக்கூடிய செயற்கைக்கோள் தொலைபேசி. யோசனை பிறந்தது 1980களின் பிற்பகுதியில். 66 செயற்கைக்கோள்கள், ஏறக்குறைய 500 கோடி டாலர், அத்தனையும் முடித்து 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கினார்கள். பொறியியலில் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் சாதாரண செல்பேசிக் கோபுரங்கள் ஊர் ஊராகப் பரவிவிட்டன. இவர்களுடைய கருவி கனமானது, விலை அதிகம், கட்டடத்துக்குள் ஒழுங்காக வேலை செய்யாது. 1999 ஆகஸ்டில் திவால். திட்டம் எழுதிய வருஷத்து உலகம் அப்படியே நிற்கும் என்று திட்டம் நம்பியது. முதல் பணம் வருவதற்குப் பத்து வருஷம் ஆகும் தொழிலில், அந்தப் பத்து வருஷமும் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

எவ்வளவு லாபம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. எவ்வளவு போனால் தாங்கும் என்பது உங்களுக்கு இன்றே தெரியும். சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், அனுபவமுள்ள 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு ஆராய்ந்தார். வரப்போகும் வருமானத்தைக் கணித்து அதற்கேற்ப முதல் போடுவதைவிட, இழந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு தொகையை முதலில் தீர்மானித்து, அதற்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்பவர்களாக அவர்கள் இருந்தார்கள். எனக்கு இது புத்தக ஞானமாகப் படவில்லை. கடன் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததும் இதுதான். இரண்டாம் தடவை தொழில் தொடங்குகிறவர்கள் இந்தத் தொகையைக் கேட்டவுடன் சொல்வார்கள். முதல் தடவை வருகிறவர்கள் கேள்வியையே அபசகுனமாக நினைப்பார்கள்.

ஆப்பிளின் மூன்றாம் கூட்டாளி ரொனால்ட் வெய்னை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். 1976 ஏப்ரல் 1இல் கூட்டு ஒப்பந்தம் எழுதியபோது அவர் பங்கு 10 சதவீதம். 12 நாளில் 800 டாலருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு விலகினார். உலகத்திலேயே பெரிய முட்டாள்தனம் என்று கேலி செய்கிறார்கள். அவர் நிலையில் இருந்து பாருங்கள். சாதாரணக் கூட்டு வியாபாரத்தில், ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லாருமே முழுப் பொறுப்பு. மற்ற இருவரும் இளைஞர்கள், பிடுங்கிக்கொள்ளச் சொத்து எதுவும் கிடையாது. நாற்பதைத் தாண்டிய வெய்னுக்குக் கொஞ்சம் சொத்து இருந்தது. பாகங்களைக் கடனில் வாங்கி, கணினிக் கடை பணம் தராமல் போனால் கடன்காரர் யார் வீட்டுக்கு வருவார்? அவருக்கு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கேலி செய்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பத்திரத்தை அந்த மேசையில் வைத்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு மருந்து உண்டு. நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்கும், பங்குதாரரின் வீடு வரை வராது என்பதை அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1896இல் சாலமன் வழக்கில் உறுதியாகச் சொன்னது. ஆரன் சாலமன் ஒரு பூட்ஸ் தயாரிப்பாளர். தன் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார், கம்பெனி மூழ்கியது, கடன்காரர்கள் அவரைத் துரத்தினார்கள், சபை அவர் பக்கம் நின்றது. இன்று பல நாடுகளின் கம்பெனிச் சட்டத்துக்கு அதுதான் அடித்தளம். ஆனால் லிமிடெட் கம்பெனி பதிவு செய்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்று வருகிறவர்களிடம் நான் ஒரு தாளைக் காட்டுவேன். புதுக் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே, அந்தக் கடனைப் பொறுத்தவரை சாலமன் வழக்கு உங்களுக்கு நடக்காத மாதிரிதான். ஜாமீனை ஒரு தொகைக்குள் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு, கேட்ட சிலருக்குக் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

புதுத் தொழில்களில் பத்துக்கு ஒன்பது தோற்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எதை எண்ணினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. நீண்ட காலமாகத் தொடர்ந்து எண்ணிவரும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருஷத்திலேயே மூடப்படுகிறது, ஐந்து வருஷத்தில் பாதி போய்விடுகிறது. நல்ல காலம், கெட்ட காலம் எதிலும் இது பெரிதாக மாறுவதில்லை. இன்னொன்று, இளம் வயதில்தான் தொடங்க வேண்டும் என்ற பேச்சு. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான புது நிறுவனங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்கள் ஜெயிக்கும் வாய்ப்பும் கூடுதல். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இருபது வருஷம் ஒரு துறையில் இருந்தவருக்கு, எந்த வாடிக்கையாளர் 60 நாள் என்று சொல்லி 90 நாளில் தருவார் என்பது தெரியும்.

எல்லாம் சேர்த்துத் திட்டத்தில் கடைசியாக நான் எழுதச் சொல்வது நிறுத்தும் இடம். அடுத்த 13 வாரத்துக்கு வாரம் வாரமாக என்ன வரும், என்ன போகும் என்று ஒரு தாள் வைத்துக்கொள்வது கணக்காளர்களிடம் பழைய வழக்கம், ஒரு காலாண்டு அதில் அடங்கிவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வாரத்தை அழித்து ஒரு வாரத்தைச் சேர்க்க வேண்டும். அந்தத் தாளின் அடியில் ஒரு தொகையைத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். கையிருப்பு அதற்குக் கீழே போனால் புதுச் சரக்கு கிடையாது, சம்பளமும் பாக்கிகளும் கொடுத்து முடித்துக்கொள்வது என்று. தொழில் நடக்கும்போது அந்தத் தொகையை நிதானமாகத் தீர்மானிக்க எவராலும் முடியாது. அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டின் நிறுவனம் க்ளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கப் பல வருஷம் செலவிட்டது. விளையாடியவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் போதுமான பேர் வரவில்லை. 2012 இறுதியில், முதலீட்டாளர்களின் பணத்தில் ஒரு பகுதி கையில் இருக்கும்போதே விளையாட்டை மூடினார்கள். வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பதில் நேரம் செலவழித்தார்கள். மிச்சப் பணத்தைத் திருப்பித் தரவா என்று கேட்டதற்கு, முதலீட்டாளர்கள் வேறு ஏதாவது செய்து பாருங்கள் என்றார்கள். விளையாட்டை உருவாக்கும்போது குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த ஒரு கருவியை எடுத்து மெருகேற்றி, 2013இல் ஸ்லாக் என்ற பெயரில் வெளியே காட்டினார்கள். இன்று பல அலுவலகங்களில் ஆட்கள் செய்தி பரிமாறிக்கொள்வது அதில்தான். க்ளிட்சுக்கு இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்று அந்தப் பணத்தையும் போட்டிருந்தால், ஸ்லாக்கை எழுதி முடிக்கச் சம்பளம் கொடுக்க அவர்களிடம் காசு இருந்திருக்காது.